"80 சதவீதம் முடிந்தது" என்று எழுதாதீர்கள்: புராஜெக்ட் முன்னேற்ற அறிக்கை எழுதும் விதம்

கடைசி வருட புராஜெக்டில் எங்கள் டீம் நான்கு வாரம் தொடர்ந்து ஒரே வரியை எழுதிக் கொடுத்தது: "லாகின் மாட்யூல் 80 சதவீதம் முடிந்தது." முதல் வாரம் கைடு, அதாவது புராஜெக்டை மேற்பார்வையிடும் ஆசிரியர், தலையாட்டினார். அடுத்த இரண்டு வாரமும் ஆட்டினார். நான்காம் வாரம் தாளைக் கீழே வைத்துவிட்டு, "சரி, மீதி 20 என்ன?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், யாருக்கும் தெரியவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. பாதிக்கு மேல் ஆன மாதிரி இருந்தது, முழுசாக ஆகவில்லை, அதனால் 80. அப்புறம் சில வருடம் கழித்து ஜூனியர் டீம்களின் ரிப்போர்ட்டுகளைப் படித்துத் திருத்திக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தபோதுதான் தெரிந்தது, அந்த 80 எல்லா டீமிலும் குடியிருக்கிறது என்று.

இது மாணவர்களுக்கு மட்டும் வரும் வியாதியும் இல்லை. பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த டாம் கார்கில் சொன்னதாக, நிரலாக்கம் பற்றி எழுதிவந்த ஜான் பென்ட்லி 1985-இல் எடுத்துப் போட்ட ஒரு கிண்டல் உண்டு: நிரலின் முதல் 90 சதவீதம் முதல் 90 சதவீத நேரத்தை எடுத்துக்கொள்ளும், மீதி 10 சதவீதம் இன்னொரு 90 சதவீத நேரத்தை எடுத்துக்கொள்ளும். கூட்டினால் 180 வருகிறதே என்று கணக்குப் பார்ப்பவர்கள் இன்னும் ஒரு புராஜெக்டையும் முடித்துப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

சதவீதத்தை விட்டால் வேறு எதை எழுதுவது என்பதற்குப் போகும் முன், இதை யார் படிக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். உங்கள் கைடுக்கு உங்களைப் போல இன்னும் நாலைந்து டீம் இருக்கும், ஒரு ரிப்போர்ட்டுக்கு அவர் ஒதுக்கக்கூடியது சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் அவருக்குத் தெரிய வேண்டியது மூன்று: இப்போது எங்கே நிற்கிறீர்கள், போட்ட திட்டத்தில் இருந்து எவ்வளவு விலகியிருக்கிறீர்கள், அவர் ஏதாவது செய்ய வேண்டுமா. திங்கட்கிழமை மீட்டிங் போட்டோம், செவ்வாய்க்கிழமை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டோம், புதன்கிழமை விவாதித்தோம் என்று எழுதினால் அது டைரி. உழைத்தோம் என்று காட்ட வேண்டும் என்கிற பயத்தில்தான் எல்லோரும் டைரி எழுதுகிறோம், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் ஒரு வாரம் முழுக்க உழைத்து ஒன்றும் ஓடவில்லை என்றால் அதையும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம், என்ன தெரிந்துகொண்டீர்கள் என்பதோடு சேர்த்து.

உழைப்பை அளந்து காட்டப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிளில் நடந்த கதை ஒன்று போதும். 1982-இல் லிசா கம்ப்யூட்டர் டீமில், ஒவ்வொரு வாரமும் எத்தனை வரி நிரல் எழுதினோம் என்று எல்லோரும் ஒரு படிவத்தில் நிரப்பித் தர வேண்டும் என்று மேலாளர்கள் சொன்னார்கள். பில் அட்கின்சன் அந்த வாரம் குவிக்ட்ரா என்னும் கிராஃபிக்ஸ் பகுதியில் ஒரு துண்டைத் திருத்தி எழுதி, பல மடங்கு வேகமாக்கி, கூடவே சுமார் 2000 வரிகளைக் குறைத்திருந்தார். படிவத்தில் எண் கேட்ட இடத்தில் மைனஸ் 2000 என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நாளில் அவரிடம் படிவம் கேட்பதை நிறுத்திவிட்டார்களாம். உங்கள் ரிப்போர்ட்டில் "இந்த வாரம் 1,400 வரிகள்" என்று ஒரு வரி இருந்தால் அதை இப்போதே அழித்துவிடுங்கள்.

சரி, சதவீதத்துக்குப் பதில் என்ன? வேலையைச் சின்னச் சின்னதாக உடைத்து, ஒவ்வொன்றும் முடிந்ததா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள், நடுவில் எதுவும் கிடையாது. லாகின் மாட்யூல் என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்தால் அது எப்போதும் 80-இல்தான் நிற்கும். அதையே பதிவுப் படிவம், பாஸ்வேர்டை ஹாஷ் செய்து (திருப்பிப் படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றி) சேமிப்பது, லாகின் செய்ததும் செஷன் தொடங்குவது, தவறான பாஸ்வேர்டுக்குச் சரியான செய்தி, மறந்த பாஸ்வேர்டுக்கு மெயில், பலமுறை தவறினால் கணக்கைப் பூட்டுவது என்று ஆறாகப் பிரித்துப் பாருங்கள். "6-இல் 4 முடிந்தது, மெயிலும் கணக்குப் பூட்டும் பாக்கி" என்று எழுதும்போது படிப்பவருக்கு மட்டும் இல்லை, எழுதுகிற உங்களுக்கே நிலைமை புரியும். எவ்வளவு சின்னதாக உடைப்பது என்றால், ஒருவர் இரண்டு மூன்று நாளில் முடிக்கிற அளவு. அதற்கு மேல் போனால் இரண்டு ரிப்போர்ட்டுக்கு "நடந்துகொண்டிருக்கிறது" என்று எழுத வேண்டி வரும்.

இதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, பல டீம்கள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன: "முடிந்தது" என்றால் என்ன என்று முதல் வாரமே உட்கார்ந்து பேசி எழுதி வைப்பது. என் ஓட்டு இதற்கு: மெயின் பிராஞ்சில், அதாவது டீமின் பொதுப் பிரதியில், மெர்ஜ் ஆகியிருக்க (சேர்ந்திருக்க) வேண்டும், எழுதியவர் அல்லாத ஒருவர் நிரலைப் படித்திருக்க வேண்டும், அதற்கான டெஸ்ட் பாஸாக வேண்டும், வேறு ஒருவரின் லேப்டாப்பில் ஓட வேண்டும். "என் மெஷினில் ஓடுதே" என்பது இந்தக் கணக்கில் சேராது. இந்த நாலு வரியை முதல் ரிப்போர்ட்டிலேயே போட்டுவிட்டால் அப்புறம் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டாம், கைடும் அதே அளவுகோலை வைத்துப் படிப்பார்.

ரிப்போர்ட்டுக்குச் சரக்கு எங்கே கிடைக்கும்

சமர்ப்பிக்கிற நாளுக்கு முந்தின இரவு பத்து மணிக்கு குரூப்பில் "யார் யார் என்ன பண்ணீங்க?" என்று கேட்டு, அதற்கு ஒருவர் மட்டும் பதில் சொல்லி, மற்றதை ஊகித்து எழுதுவது மரபு. மரபை மாற்றுங்கள். வாரம் முழுவதும் நடந்தது, நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் லாகில் ஏற்கெனவே இருக்கிறது, பணிகளை ஒரு போர்டில் வைத்திருந்தால் அதிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாள் கமிட்டுகளை (கிட்டில் பதிந்த மாற்றங்களை) மட்டும் எடுத்துப் பார்த்தால் பாதி ரிப்போர்ட் தயார். ஆனால் கமிட் செய்தியில் "ஃபிக்ஸ்", "ஃபைனல்", "ஃபைனல் 2" என்று போட்டிருந்தால் உங்களுக்கே ஒன்றும் புரியாது, அதனால் நல்ல ரிப்போர்ட் என்பது உண்மையில் நல்ல கமிட் செய்தியில் தொடங்குகிறது. லாகில் வராத விஷயங்களுக்கு, அதாவது எடுத்த முடிவு, கைவிட்ட யோசனை, மாட்டிக்கொண்டு தவித்த இரண்டு நாள் ஆகியவற்றுக்கு, டீமுக்குப் பொதுவாக ஒரு கோப்பு வைத்துக்கொண்டு தேதி போட்டு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆளுக்கு எத்தனை கமிட் என்று கிட் எண்ணிக் காட்டும், அதை அப்படியே ரிப்போர்ட்டில் ஒட்டாதீர்கள். ஒருவர் வரிக்கு வரி கமிட் செய்வார், இன்னொருவர் மூன்று நாள் வேலையை ஒரே கமிட்டாகப் போடுவார். பல கமிட்டுகளை ஒன்றாகச் சுருக்கி (ஸ்குவாஷ்) மெர்ஜ் செய்தால் பத்து கமிட் ஒன்றாகிவிடும். இருவர் ஒரே கீபோர்டு முன் உட்கார்ந்து எழுதியது ஒருவர் பெயரில் மட்டும் விழும். அப்படிச் சேர்ந்து எழுதும்போது கமிட் செய்தியின் கடைசியில் "கோ-ஆத்தர்ட்-பை" வரி சேர்த்தால், கிட் நிரலை வைத்திருக்கும் தளமான கிட்ஹப் இருவரையும் காட்டும், அந்தப் பழக்கம் பிற்பாடு நிறையச் சண்டையைத் தவிர்க்கும்.

இனி எழுதுவது. முதலில் போன வார ரிப்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். போன முறை "அடுத்த வாரம்" என்ற தலைப்பின் கீழ் என்னென்ன சொன்னீர்களோ, அதில் ஒவ்வொன்றுக்கும் இந்த முறை பதில் இருக்க வேண்டும்: முடிந்தது, முடியவில்லை, வேண்டாம் என்று விட்டுவிட்டோம். மூன்றில் ஒன்று. கைடு செய்யப்போவதும் அதைத்தான், போன தாளை எடுத்து ஒப்பிடுவார், அப்போது சத்தமில்லாமல் காணாமல் போன ஒரு பணி, தாமதமான ஐந்து பணிகளைவிட மோசமாகத் தெரியும்.

முதல் இரண்டு வரியிலேயே நிலைமையைச் சொல்லிவிடுங்கள். "திட்டத்தைவிட நான்கு நாள் பின்தங்கியிருக்கிறோம், இரண்டாம் ரிவியூவுக்குள் சரிசெய்துவிடலாம், ஒரு விஷயத்தில் உங்கள் ஒப்புதல் வேண்டும்." இதைப் படித்ததும் அவருக்கு மீதியை எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். புராஜெக்டின் நோக்கம், அறிமுகம், பயன்படுத்தும் தொழில்நுட்பங்கள் என்று ஒவ்வொரு வாரமும் முதல் பக்கத்தில் ஒட்டுவதை நிறுத்துங்கள், அவருக்கு அது மனப்பாடம்.

வாக்கியங்களில் "பட்டது" வருகிற இடத்தையெல்லாம் சந்தேகமாகப் பாருங்கள். டேட்டாபேஸ் வடிவமைக்கப்பட்டது, பிழைகள் சரிசெய்யப்பட்டன, ஆய்வு மேற்கொள்ளப்பட்டு வருகிறது. யார் செய்தார்கள், எத்தனை பிழை, எதைப் பற்றிய ஆய்வு? "ம. ஐந்து டேபிள்களையும் உருவாக்கி மாதிரித் தரவு ஏற்றிவிட்டார்" என்று (ம. என்பது டீமில் ஒருவரின் பெயர்) எழுதினால் வரி நீளவும் இல்லை, சந்தேகமும் இல்லை. அதே மாதிரி "வேகமாக இயங்குகிறது" என்பதற்குப் பதில் எந்தச் சூழலில் எவ்வளவு நொடி என்று எழுதுங்கள், "பெரும்பாலான டெஸ்ட்கள் பாஸ்" என்பதற்குப் பதில் "34 எழுதினோம், 29 பாஸ், 5 ஃபெயில், அந்த ஐந்தும் தேதி சம்பந்தப்பட்டவை" என்று எழுதுங்கள். கடைசித் துண்டுதான் முக்கியம். எண் மட்டும் இருந்தால் அது ஸ்கோர், ஐந்தும் ஒரே இடத்தில் விழுகின்றன என்று சொன்னால்தான் படிப்பவர் உதவ முடியும்.

காண்ட் சார்ட் பற்றி, அதாவது எந்தப் பணி எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று பட்டைகளால் காட்டும் படம் பற்றி, ஒரு வார்த்தை. முதல் வாரம் அழகாக வண்ணம் போட்டு வரைந்து, அதே படத்தை எல்லா ரிப்போர்ட்டிலும் ஒட்டுகிறவர்கள் ஒரு ரகம். தாமதம் ஆக ஆகப் பட்டைகளைச் சத்தமில்லாமல் வலப்பக்கம் நகர்த்தி, எல்லாமே திட்டப்படி நடப்பது போலக் காட்டுகிறவர்கள் இன்னொரு ரகம், இவர்களை நம்புவது கடினம். முதலில் போட்ட பட்டையை அப்படியே மங்கலாக விட்டுவிட்டு, உண்மையில் நடந்ததை அதன் கீழே வரையுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்ப்பதற்குத்தான் அந்தப் படமே. பாக்கி வேலை நாளுக்கு நாள் குறைவதைக் கோடாகக் காட்டும் பர்ன்-டவுன் சார்ட் வைத்திருந்தால், இரண்டு வாரம் சமதளமாக ஓடிக் கடைசி நாளில் செங்குத்தாக விழும் கோடு, வேலை கடைசி நாளில் முடிந்தது என்று சொல்லாது, போர்டை யாரும் தொடவே இல்லை என்றுதான் சொல்லும்.

கெட்ட செய்தியை எழுதுவது

இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். நிறுவனங்களில் திட்ட நிலையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறிப்பார்கள், அதில் தர்பூசணி ரிப்போர்ட் என்று ஒரு வகையைக் கிண்டலாகச் சொல்வதுண்டு: வெளியே பச்சை, அறுத்துப் பார்த்தால் சிவப்பு. மாணவர் டீமில் இந்தத் தர்பூசணி கடைசி டெமோ அன்றுதான் அறுபடும், அதுதான் பிரச்சினை. ஆறாவது வாரம் சொன்ன தாமதத்துக்கு கைடு வழி சொல்லலாம், பணிகளைக் குறைக்கலாம், லேபில் கூடுதல் நேரம் வாங்கித் தரலாம். பதினைந்தாவது வாரம் சொன்னால் அவரால் வருத்தப்பட மட்டும்தான் முடியும்.

கெட்ட செய்திக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள்: என்ன நடந்தது, ஏன், அதனால் எந்தத் தேதி நகர்கிறது, என்னென்ன வழி இருக்கிறது, நாங்கள் எதைத் தேர்ந்தோம். ஆய்வுக்கூடக் கருவிகளை முன்பதிவு செய்யும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். இப்படி எழுதலாம்:

"ஒரே மைக்ராஸ்கோப்பை ஒரே மணி நேரத்துக்கு இருவர் ஒரே சமயத்தில் பதிவு செய்தால் இருவருக்குமே பதிவாகிவிடுகிறது. காலியா என்று பார்ப்பதும் பதிவு செய்வதும் தனித்தனிப் படிகளாக இருப்பது காரணம். கருவி, தேதி, நேரம் மூன்றுக்கும் சேர்த்து டேட்டாபேஸில் யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்ற விதி) போட்டு, இரண்டாவது பதிவை நிராகரிக்கும்படி மாற்றினோம். இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஐந்து நாள் ஆனது. அதனால் புள்ளிவிவர வரைபடப் பக்கம் தொடங்கவில்லை. அந்தப் பக்கத்தை எளிய பட்டியலாகக் குறைத்துக்கொண்டால் தேதி மாறாது. வரைபடமாகவே வேண்டும் என்றால் ஒரு வாரம் தள்ளும். பட்டியல் போதும் என்பது எங்கள் கருத்து. உங்கள் ஒப்புதல் வேண்டும்."

கவனியுங்கள், இதில் மன்னிப்பும் இல்லை, சாக்கும் இல்லை. உடம்பு சரியில்லை, நெட் இல்லை, தேர்வு வந்துவிட்டது எல்லாம் உண்மையாகவே இருக்கலாம், ஒரு பாதி வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். இன்னொன்று, மேலே உள்ள பத்தியை எழுதிய டீம் ஐந்து நாள் பின்தங்கியிருந்தாலும் படிக்கிறவருக்கு அவர்கள் மேல் மதிப்புதான் கூடும், ஏனென்றால் அந்தப் பிழையைப் புரிந்துகொண்டவர்களால் மட்டுமே அதை இவ்வளவு தெளிவாக எழுத முடியும்.

தாமதத்துக்குப் பரிகாரமாக "அடுத்த வாரம் நால்வரும் சேர்ந்து இதே மாட்யூலைச் செய்வோம்" என்று எழுதுவது பழக்கம். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத்தின் வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே சொல்லிவிட்டார், தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று. புதிதாக வருபவருக்கு விளக்க வேண்டும், விளக்குகிற நேரம் வேலை செய்கிறவருடையது, நாலு பேர் ஒரே கோப்பைத் தொட்டால் மாற்றங்கள் ஒன்றோடொன்று மோதும் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வேறு. பணியைக் குறைப்பதாக எழுதுங்கள், அல்லது மற்ற மூவர் வேறு எதை முன்கூட்டியே முடிக்கப் போகிறார்கள் என்று எழுதுங்கள்.

டீமில் ஒருவர் வேலையே செய்யவில்லை என்றால்? ரிப்போர்ட்டில் புகார் எழுதாதீர்கள். முதல் வாரத்தில் இருந்தே ஒவ்வொரு பணிக்கும் எதிரே ஒரு பெயர் இருந்தால் உண்மை தானாகத் தெரியும்: "அறிவிப்பு மாட்யூல், க., 7-ஆம் தேதி முடிய வேண்டியது, தொடங்கவில்லை. 9-ஆம் தேதி முதல் ம. எடுத்துக்கொண்டார்." இதை அனுப்பும் முன் அந்த க.-விடம் காட்டிவிடுங்கள், அது நாகரிகம், பல சமயம் அந்த வரியைப் பார்த்ததுமே வேலை தொடங்கிவிடும். அப்படியும் நகரவில்லை என்றால் கைடிடம் நேரில் பேசுங்கள்.

அடுத்த வாரத் திட்டத்தில் மூன்று, அதிகம் போனால் நான்கு விஷயங்கள். "தொடர்வோம்", "கவனம் செலுத்துவோம்", "மேம்படுத்துவோம்" மூன்றும் தடை செய்யப்பட்ட சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "வியாழக்கிழமைக்குள் பதிவை ரத்து செய்யும் வசதி மெயின் பிராஞ்சில் இருக்கும், ம." என்று எழுதினால் அடுத்த வாரம் சரிபார்க்க முடியும். நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்கிற, ஸ்க்ரம் என்னும் டீம் வேலை முறையின் கேள்விகளையே ரிப்போர்ட்டுக்கும் தலைப்பாக வைக்கிறவர்கள் உண்டு. வைக்கலாம், தப்பில்லை, ஆனால் ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பே அந்த மூன்று கேள்விகளை நீக்கிவிட்டது, அதனால் அவை வேதவாக்கு மாதிரி நடந்துகொள்ள வேண்டாம்.

ஸ்கிரீன்ஷாட் ஒன்றிரண்டு போதும், புதிதாக ஓட ஆரம்பித்த திரை எதுவோ அது மட்டும், கீழே ஒரு வரி விளக்கத்தோடு. கோடிங் திரையைப் படம் எடுத்து ஒட்டாதீர்கள், யாரும் அதைப் படிப்பதில்லை. அந்தக் கமிட்டுக்கு லிங்க் கொடுத்தால் வேண்டியவர் போய்ப் பார்ப்பார். மொத்தம் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டினால் எதையோ மறைக்கிறீர்கள், இல்லை போன வாரத்தைத் திரும்ப எழுதுகிறீர்கள்.

சாட்ஜிபிடியிடம் கொடுத்து எழுத வைப்பது பற்றிக் கேட்பீர்கள். குறிப்புகள் உங்களுடையவை என்றால் மொழியைச் செப்பனிட வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கல்லூரி அதை அனுமதித்தால். குறிப்பே இல்லாமல் "வாராந்திர அறிக்கை எழுது" என்று கேட்டால், டீம் ஒருங்கிணைப்பு சிறப்பாக இருந்தது, குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எட்டப்பட்டது என்று மணமணக்க எழுதித் தரும். கைடு அந்த வரியை இந்த ஒரு வாரத்திலேயே மற்ற டீம்களிடமும் படித்திருப்பார்.

எடுத்த முடிவுகளுக்கு மட்டும் தாராளமாக இடம் கொடுங்கள். மாங்கோடிபி டேட்டாபேஸில் தொடங்கி ஏன் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மாறினோம், மொபைல் செயலியை விட்டு ஏன் வெப்சைட்டாக வைத்தோம் என்பதெல்லாம் அப்போது பளிச்சென்று தெரியும், நாலு மாதம் கழித்து வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒருவர் கேட்கும்போது ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. கடைசி ரிப்போர்ட் எழுத உட்காரும்போதும் இந்த வாராந்திரத் தாள்களை வரிசையாக வைத்தால் பாதி அத்தியாயம் எழுதியே இருக்கும்.

எழுதி முடித்ததும் டீமில் இன்னொருவர் ஒருமுறை படிக்கட்டும், முக்கியமாக அவர் பெயர் வருகிற வரிகளை. கோப்புப் பெயரில் டீம் எண்ணும் வார எண்ணும் இருக்கட்டும், "ரிப்போர்ட் ஃபைனல் புதுசு" என்று ஒன்று ஏற்கெனவே கைடின் இன்பாக்ஸில் பன்னிரண்டு இருக்கிறது. ரிவியூவுக்கு முந்தின நாள் பகலிலேயே அனுப்பிவிடுங்கள்; ரிவியூ தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்த ரிப்போர்ட்டை அவர் உங்கள் எதிரிலேயே படிப்பார், நீங்கள் நின்றுகொண்டிருப்பீர்கள்.